கீரனூர் பழனியப்பனின் பற்கள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயைத் திறந்தபடி சாய்ந்து படுத்திருந்த என்னிடம் ஃப்ராவ் லேமன் கேட்டார்: "திருவாளர் பழனியப்பன் என்பவர் யார்?"

ஃப்ராவ் லேமன் எங்கள் நகரத்துப் பல் மருத்துவமனையில் ஈறுகளை மட்டும் கவனிக்கும் அம்மாள். ஜெர்மனியில் பல்லுக்கு ஒருவர், ஈறுக்கு ஒருவர். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் கையில் இருந்தது, விடுமுறையில் ஊருக்குப் போனபோது புதுக்கோட்டையில் எனக்குச் செய்த ஈறு சிகிச்சையின் குறிப்புகள். எந்தப் பல்லின் ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்பது வரை சுத்தமாக எழுதியிருந்தது. மேலே நோயாளியின் பெயர் பழனியப்பன். ஊர் கீரனூர். தொழில் விவசாயம். வயது ஐம்பத்தைந்து.

என் பெயர் பழனியப்பன் இல்லை. கீரனூரை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். விவசாயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது எங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான். வயதில் எதற்கு மூன்றைக் கூட்டினேன் என்பது இன்னும் எனக்கே விளங்கவில்லை. பொய் சொல்லத் தொடங்கினால் கை தாராளமாகிவிடுகிறது.

அளவுகளை மட்டும் பார்ப்பார்கள், பெயரைப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தான் அந்தத் தாள்களைக் கொடுத்தேன். பதினெட்டு வருஷம் ஜெர்மனியில் குப்பை கொட்டிய ஒருவன் இப்படி நம்பியிருக்கக் கூடாது.

"அது நான்தான்" என்றேன், எச்சில் உறிஞ்சும் குழாயை நாக்கால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு.

"உங்கள் காப்பீட்டு அட்டையில் வேறு பெயர் இருக்கிறதே."

"பெயர் வேறு. வாய் இதுதான்."

அவர் என் வாய்க்குள் பார்த்தார். தாளைப் பார்த்தார். எனக்கும் பழனியப்பனுக்கும் ஆளுக்கு இருபத்தெட்டுப் பற்கள். அது போதாது என்றார். பிறகு திடுக்கிட்டவர்போல் தாளைக் கவிழ்த்து வைத்தார். திருவாளர் பழனியப்பனின் மருத்துவத் தகவல்களை அவருடைய எழுத்துமூல அனுமதியில்லாமல், மூன்றாம் மனிதரான என் முன்னால் வாசித்துவிட்டதற்கு வருத்தம் தெரிவித்தார்.

"இரண்டு வழி உண்டு. திருவாளர் பழனியப்பன் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போடலாம். அல்லது சிகிச்சை செய்த டாக்டர், அவரும் நீங்களும் ஒரே ஆள் என்று கடிதம் தரலாம். அதுவரை இந்த அளவுகளை நான் தொட முடியாது."

முதல் வழிதான் எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. இரண்டாவதில், அரிமளத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோக வாய்ப்பு இருந்தது.

2

ஊரில் நான் வளர்ந்த காலத்தில் ஈறு என்ற உறுப்பு பச்சைப் பிள்ளைகளுக்கும் பல் விழுந்த கிழவர்களுக்கும் மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் பல். அது வலித்தால் பிடுங்குவார்கள். வலிக்காவிட்டால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஈறு நோயில் உள்ள மோசடி அது வலிக்காது என்பதுதான். பேஸ்ட் நுரையில் இளஞ்சிவப்பாக ஒரு சேதி அனுப்பும். அதைப் பேஸ்டின் நிறம் என்று நினைத்துக்கொண்டு நான் பேஸ்டை மாற்றினேன். நுரை மறுபடியும் சிவந்தது. பிரஷ்ஷை மாற்றினேன். பிறகு, பிரஷ் பட்டால்தானே ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே நிறுத்தினேன். நான் படித்தவன்.

ஜெர்மன் மொழியில் ஈறுக்குப் 'பல் இறைச்சி' என்று பெயர். வந்த புதிதில் ஒருமுறை மருந்துக் கடைக்குப் போனேன். 'பல்' நினைவுக்கு வரவில்லை. 'இறைச்சி' மட்டும் வந்தது. என் இறைச்சியில் ரத்தம் வருகிறது என்றேன். கடைக்கார அம்மாள் பரிவாக, இன்னும் கொஞ்ச நேரம் வேக வைக்கச் சொன்னார்.

இப்படியே காலத்தை ஓட்டி, போன வருஷம்தான் ஃப்ராவ் லேமனிடம் சிக்கினேன். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி ஆழம் பார்த்தார். கிணற்றுக்கு ஆழம் பார்ப்பது மாதிரிதான். ஆழம் கூடினால் இங்கே யாரும் சந்தோஷப்படுவதில்லை. மூன்று மில்லிமீட்டர் வரை மன்னிப்பார்களாம். எனக்குப் பல இடங்களில் ஆறு. ஈறு பல்லை விட்டு விலகி, அந்தப் பள்ளத்தில் பற்காரை படிந்து, அடியில் எலும்பு கரைய ஆரம்பித்திருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். ஏழு வருஷமாக என்றேன். அவர் தலையை ஆட்டியதில் ஆச்சரியமே இல்லை. சர்க்கரை கூடினால் ஈறு கெடுமாம். ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காதாம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஜாமீன்.

உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். என் ஈறுகள் உண்மையிலேயே மோசம்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த நாட்டில் நான் கேட்டு உடனே ஒப்புக்கொள்ளப்பட்ட முதல் விஷயம் அது. சிகிச்சைக்கு மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அந்த இடைவெளியில்தான் அரிமளத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

3

"தம்பி, பல்லு ஆடுதுன்னு சொன்னியே. இன்னும் அப்படியேதான் வச்சிருக்கியா?"

"ஆமாக்கா. தேதி குடுத்திருக்காங்க."

"அங்கன ஒண்ணும் பண்ணிராத. லீவுக்கு வாரப்ப இங்க பாத்துக்குவோம்."

என் உடம்பைப் பற்றி அக்கா காரணமில்லாமல் விசாரித்ததில்லை. காரணம் அவள் மகள் அபிராமி. இருபத்தாறு வயது, புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் திருவரங்குளம், பெயர் சரவணகுமார், புதுக்கோட்டையில் பல் டாக்டர். ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, இரண்டு பக்கமும் மற்றவரைப் பற்றி விசாரிக்கும் கட்டத்தில் இருந்தது.

எங்கள் பக்கம் விசாரிப்பது என்றால், மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துப் பக்கம் போய் டீக்கடையில், பெட்டிக்கடையில் பேச்சுக் கொடுப்பது. அக்கா அதற்கு மேலே யோசித்திருந்தாள். எந்த மாப்பிள்ளையையும் அவர் வேலை செய்கிறபோது ஓரடி தூரத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க முடியாது. பல் டாக்டரைப் பார்க்கலாம். அதற்கு, கெட்டுப்போன வாயுள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

"தாய்மாமன் நீ. ஒன் மருமகளுக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா?"

அரிமளத்துக்குப் போய் இறங்கிய மறுநாளே எனக்கு உத்தரவுகள் வந்தன. "பேரைச் சொல்லாத. ஊரைச் சொல்லாத. ஜெர்மனின்னு வாயே தொறக்காத. சுகர் கிகர்னு ஒளறிராத, பொண்ணு வீட்டுல சுகர்னு தெரிஞ்சா அவங்க யோசிப்பாங்க. அபிராமிக்கும் இன்னும் தெரியாது, வாத்திச்சி மாதிரிக் கேள்வி கேப்பா."

பஸ் ஸ்டாண்டுக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டு போய் விட்டது அபிராமி. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"மாமா, அம்மா சொன்னதையெல்லாம் பாருங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

"சொல்லும்மா."

"தப்புப் பண்ணினவங்களை அவர் எப்படித் திட்டுறாருன்னு பாருங்க. பல் டாக்டர்கிட்ட வர்ற எல்லாரும் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டுத்தானே வருவாங்க. சரியா வெளக்காம, வரச்சொன்னப்ப வராம. அவங்களை என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியணும். எங்க அப்பா மாதிரின்னா எனக்கு வேணாம் மாமா. படிச்ச மாப்பிள்ளை, நல்ல எடம், எதுவா இருந்தாலும் வேணாம்."

அவள் அப்பா, அதாவது எங்கள் அத்தான், கெட்டவர் இல்லை. கத்துவார். குழம்பில் உப்புக் குறைந்தாலும் கத்துவார், கரண்ட் போனாலும் கத்துவார். மழை வந்தால் வந்ததற்கு, வராவிட்டால் வராததற்கு. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிடுவாள். அவள் அந்த வீட்டில் யாரையாவது எதிர்த்துப் பேசி நான் கேட்டதேயில்லை. அதனால், பஸ் ஏறும்போது என் வேலை என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பல்லை அவரிடம் காட்ட வேண்டும். திட்டு வாங்க வேண்டும். திட்டை எடைபோட்டு வந்து சொல்ல வேண்டும்.

4

பெயரைப் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் துணிப்பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஊரை எதிரே வந்த பஸ்ஸின் போர்டிலிருந்து.

டாக்டர் சரவணகுமாருக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், அதிராத குரல். படிவத்தைப் பார்த்தார்.

"கீரனூரா? அங்கேருந்து எல்லாரும் திருச்சிக்குல்ல போவாங்க. நீங்க என்ன சார் இங்கிட்டு வந்திருக்கீங்க?"

அக்கா இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை.

"திருச்சி பஸ்ல ஒக்கார எடமில்லை."

"அதுக்காக எதிர்ப்பக்கம் போற பஸ்ல ஏறிட்டீங்களா?"

"ஜன்னல் சீட்டு இருந்துச்சு."

அவர் ஒரு நிமிஷம் யோசித்து, அதை ஒரு காரணமாகவே ஏற்றுக்கொண்டார். "விவசாயம்னு போட்டிருக்கீங்க. இப்ப என்ன போட்டிருக்கீங்க?"

"கடலை."

"எங்க வீட்டுலயும் கடலைதான். நீங்க எந்த ரகம் சார்?"

எனக்குத் தெரிந்த கடலை ரகங்கள் வறுத்தது, அவித்தது இரண்டும்தான். வாயை அகலமாகத் திறந்தேன். ஒரு பல் டாக்டரின் கவனத்தைத் திருப்ப அதைவிட நல்ல வழி கிடையாது.

பார்த்தார். கம்பியை இறக்கி எண்களைச் சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் எழுதிக்கொண்டாள். நாலு, ஆறு, ஆறு, அஞ்சு.

"ராத்திரியும் வெளக்குவீங்களா சார்?"

"தினமும்."

இதோ, வரப்போகிறது என்று நினைத்தேன். நான் சொன்னது பொய் என்பதற்கான சாட்சி பல் இடுக்குகளில் காரையாக நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சார். இன்னைக்கு ராத்திரியும் மறக்காம வெளக்கிருங்க" என்றார். அவ்வளவுதான்.

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"டெஸ்ட் பாத்தீங்களா?"

"போன மாசம். நூத்திப் பத்து."

"நல்லது. அப்ப பயமில்லாம ஆரம்பிக்கலாம்."

வாயை நான்காகப் பிரித்து, நான்கு தடவையில் சுத்தம் செய்தார். மரத்துப்போக ஊசி, பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அதிரும் ஒரு கருவி, அது போகாத ஆழத்துக்குக் கையால் சுரண்டல். இதில் வலியைவிடச் சத்தம்தான் அதிகம். லேசரில் செய்ய மாட்டீர்களா என்று கேட்டேன். கீரனூர் விவசாயி கேட்கிற கேள்வியா என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. "லேசர் இருக்கு சார். ஆனா மொதல்ல இதை ஒழுங்காப் பண்ணணும். அப்புறம் நீங்க வீட்டுல ஒழுங்காப் பண்ணணும். ரெண்டாவதுக்கு எந்த மிஷினும் இல்ல" என்றார். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடிப்பது எப்படி, பல் இடுக்குகளில் குட்டிப் பிரஷ்ஷை விடுவது எப்படி என்று ஒரு பொம்மைத் தாடையை வைத்துச் செய்து காட்டினார். "ரத்தம் வந்தா நிறுத்திராதீங்க சார். ரத்தம் வருதுன்னு தேய்க்காம விட்டாத்தான் இன்னும் வரும்."

அந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஊரில் ஒருவர்கூட என்னிடம் ஜெர்மனியில் குளிர் எப்படி, சம்பளம் எப்படி, எங்க பையனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்கவில்லை. பழனியப்பனிடம் மழை பெய்ததா என்று கேட்டார்கள். டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கை இடித்ததற்கு மன்னிப்புக் கேட்காமல் செய்தித்தாளில் பாதியைக் கொடுத்தார். நான் அங்கே கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள், டோக்கன் எண்ணுக்கு அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்தேன்.

அதற்குள் டாக்டருக்கு என்னைப் பிடித்துப்போயிருந்தது. வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால் பல் டாக்டர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்போலும்.

"எனக்கு ஒரு எடத்துல பொண்ணு பாத்திருக்காங்க சார், அரிமளத்துல."

அதிர்ச்சியில் அவர் விரலைக் கடித்துவிட்டேன். மரத்த வாய் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு பயம்தான். ஜெர்மனில ஒரு தாய்மாமன் இருக்காராம். அவர் தலையாட்டினாத்தான் அந்த வீட்டுல எலை போடுவாங்களாம். ஒலகத்துல எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசுவாராம். தொறந்த வாயை மூடவே மாட்டாராம்."

மூட முடியாத நிலையில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டேன்.

"நீங்க பெரியவங்க, ஒரு யோசனை சொல்லுங்க. அப்படிப்பட்ட ஆளை எப்படி சார் சமாளிக்கிறது?"

"ஆ" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன். கண்டுக்காம விட்டுறணும்."

நான்காம் நாள் சிகிச்சைக் குறிப்புகளைக் கையில் கொடுத்து, கல்யாணம் முடிவானால் பழனியப்பன் சார் குடும்பத்தோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

5

"திட்டவேயில்லை" என்று வீட்டில் சொன்னேன். "ஒரு வார்த்தை திட்டலை."

அக்கா பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அபிராமி மட்டும் கேட்டாள்: "நாலு நாளும் நீங்க என்ன தப்பு மாமா பண்ணீங்க?"

"வெளக்காம, வெளக்கினேன்னு சொன்னேன்."

"அது சின்னத் தப்பு" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தை மாதத்தில் பரிசம் போடுவது என்று பேச்சாயிற்று. நான் திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து, கம்பெனியில் காபி மிஷின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு அந்தச் சின்ன விஷயம் உறைத்தது. பரிசத்தில் தாய்மாமன் சபை நடுவில் உட்கார வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு எதிரில் நிற்க வேண்டும். வேவு பார்க்கக் குடும்பத்திலேயே ஒளிக்க முடியாத ஒரே ஆளை அனுப்பியிருக்கிறோம். அக்கா யோசிக்கவில்லை, நான் யோசிக்கவில்லை, கெமிஸ்ட்ரி படித்தவளும் யோசிக்கவில்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"மீசை வச்சுக்க" என்றாள்.

"இருக்கே அக்கா."

"அப்ப எடுத்துரு."

"அக்கா, அந்தாளு நாலு நாள் என் மூஞ்சிக்கு மேலயே குனிஞ்சு நின்னுருக்காரு."

"வாயைத்தானே பாத்திருப்பாரு? நீ கல்யாணத்துல வாயைத் தொறக்காம இரு."

இது இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஃப்ராவ் லேமன் தாளைக் கவிழ்த்து வைத்தார். இப்போது டாக்டரிடம் கடிதம் கேட்டாக வேண்டும். கடிதம் கேட்டால் நான் யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் ஈறு சிகிச்சை நிற்கும், தையில் பரிசத்தன்று மாட்டிக்கொண்டால் கல்யாணமும் சேர்ந்து நிற்கும்.

சாப்பாட்டு மேசையில் இதை விளக்கினேன். என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். எப்போதாவது அபூர்வமாகத் தமிழில் பேசுவாள். அவளிடம் மொத்தம் நானூறு தமிழ்ச் சொற்கள் இருந்தால் அதிகம். சுற்றி வளைக்க அது போதாது என்பதால் நேராக வந்துவிடும்.

"அப்பா, நீங்க பொய் சொன்னீங்க. அவங்ககிட்ட சாரி சொல்லுங்க. முடிஞ்சுது."

"அவ்வளவு லேசு இல்லடா."

"ஏன்?" என்றாள். அவளுக்குப் புரியும்படி ஏன் என்று சொல்லத் தேவையான சொற்கள் அவளிடமும் இல்லை, யோசித்துப் பார்த்தால் என்னிடமும் இல்லை.

6

சனிக்கிழமை மதியம் வீடியோ காலில் கூப்பிட்டேன். திரையில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, பழனியப்பன் சார்! என்ன, வெளிநாட்டு நம்பரா இருக்கு? மகன்கிட்ட வந்திருக்கீங்களா?"

சொன்னேன். பஸ்ஸில் பார்த்த துணிப்பையில் தொடங்கி எல்லாவற்றையும். பாதியிலேயே அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அப்ப அந்த ஜெர்மன் மாமா..."

"நான்தான்."

"வாயை மூட மாட்டார்னு நான் சொன்னது..."

"தொறந்து வச்சுக்கிட்டுக் கேட்டேன்."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார். எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்? எங்க அத்தை ஒருத்தங்க, எல்கேஜிக்கு அட்மிஷன் கேக்குற மாதிரி பொண்ணோட ஸ்கூலுக்குப் போயி ரெண்டு மணி நேரம் ஒக்காந்துட்டு வந்தாங்க. அத்தை வீட்டுல எல்கேஜி வயசுல பிள்ளையே கெடையாது. லெட்டர்தானே? இன்னைக்கே தாரேன்."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த லேசில்தான், மிச்சம் வைக்காமல் சொல்லி முடித்துவிடலாமே என்று தோன்றியது.

"இன்னொண்ணும் இருக்கு டாக்டர். சுகரும் இருக்கு. ஏழு வருஷமா மாத்திரை போடுறேன்."

சிரிப்பு நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"பொண்ணு வீட்டுல சுகர்னு தெரிய வேணாமேன்னு..."

"அறிவிருக்கா சார் ஒங்களுக்கு?" அவர் எழுந்து நின்றுவிட்டார், திரையில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. "நாலு தடவை ஊசி போட்டு, ஈறுக்கு உள்ள விட்டுச் சொரண்டியிருக்கேன்! சீழ் வச்சிருந்தா? ஆறாமப் போயிருந்தா? நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க, இங்க நான் என்னத்தைச் செஞ்சேன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கணும்! பேரை மாத்துங்க, ஊரை மாத்துங்க, எனக்கென்ன வந்துச்சு? ரத்தத்தை மாத்திச் சொல்லுவீங்களா? நூத்திப் பத்துன்னு கூசாமச் சொன்னீங்களே! நான் அதை நம்பி எழுதியிருக்கேன் சார்!"

பின்னால் ஏதோ தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது. அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்து முகத்தைக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கீரனூர் பழனியப்பனுக்குச் சுகர் இருந்தா, அரிமளத்துப் பொண்ணுக்கு அதுல என்ன சார் போச்சு?"

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் வரை இது என் மூளையில் உதிக்கவேயில்லை. பொய்ப் பெயருக்குப் பின்னால் என் சர்க்கரையைத் தாராளமாக வைத்திருக்கலாம். கூடவே ரத்த அழுத்தத்தையும்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"பேரை மாத்தினது அபிராமிக்குத் தெரியும். சுகர் தெரியாது."

"மொதல்ல சுகர் ரிப்போர்ட் அனுப்புங்க. மூணு மாசச் சராசரி வேணும், நூத்திப் பத்து வேணாம். லெட்டர் வரும்."

"பரிசம்..."

"அதை நான் யோசிக்கணும் சார்" என்று வைத்துவிட்டார்.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. பழனியப்பன் என்ற பெயரில் வந்த நபரும் இன்னாரும் ஒருவரே என்று ஒரு வரி. நோயாளி சர்க்கரை நோயை மறைத்தார் என்று அடுத்த வரி, அடிக்கோடிட்டு. ஃப்ராவ் லேமன் முதல் வரியில் திருப்தியடைந்து, இரண்டாவது வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இந்த டாக்டர் நல்லவர் என்றார்.

7

அபிராமிக்கு நானே கூப்பிட்டேன். இந்த ஒரு விசாரணை முடிவையாவது மாற்றாமல் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"கத்தினார்மா. நல்லாக் கத்தினார். சட்டைப் பொத்தான் தெரிய எந்திரிச்சு நின்னு கத்தினார்."

"பேரை மாத்தினதுக்கா?"

"அதுக்குச் சிரிச்சார்."

"அப்புறம் எதுக்கு?"

சொன்னேன்.

"ஒங்களுக்குச் சுகரா?" என்றாள். "ஏழு வருஷமாவா? ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல? ஒவ்வொரு லீவுக்கும் அம்மா அதிரசமாச் சுட்டுத் தர்றாங்க, நீங்களும் வாங்கி வாங்கித் திங்கிறீங்க! இதுல எனக்காக மறைச்சேன்னு வேற சொல்லுவீங்களா? நான் கேட்டேனா ஒங்களை?"

நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவள் குரல் அந்த உயரத்துக்குப் போகும் என்பதே எனக்குத் தெரியாது. போய், அங்கேயே சிறிது நேரம் நின்றது.

"கத்தி முடிச்சிட்டு என்ன சொன்னார்?"

"ரிப்போர்ட் அனுப்பச் சொன்னார். பரிசத்தைப் பத்தி யோசிக்கணும்னார்."

"நம்பர் அனுப்புங்க. நானே பேசிக்கிறேன்."

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் அக்கா கூப்பிட்டாள். குசுகுசுவென்று பேசினாள்.

"தம்பி, அவ மொட்டை மாடியில போன்ல கத்திக்கிட்டு இருக்காடா. முந்தாநாளும் கத்தினா, நேத்தும் கத்தினா. ஒங்க அத்தான் டிவி சவுண்டைக் கொறைச்சுட்டு ஒக்காந்திருக்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இது வேணும்னு கத்துறாளா, வேணாம்னு கத்துறாளா?"

நான் அபிராமியைக் கூப்பிட்டேன். மூன்றாம் முறைதான் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"என்னம்மா சண்டை?"

"நேரா வந்து கேக்காம எதுக்கு ஆள் அனுப்பினீங்கன்னு கேட்டார். நீங்க எதுக்கு இல்லாத எல்கேஜிப் பிள்ளைக்கு அட்மிஷன் கேட்டீங்கன்னு நான் கேட்டேன். அங்கேருந்து ஆரம்பிச்சது."

"இன்னுமா அது ஓடுது?"

"நேத்து பாதியில பேஷண்ட் வந்துட்டாங்க. இன்னைக்கு என் பாயின்ட்டை முடிக்கிறதுக்குள்ள அவருக்கு ஊசி போடுற நேரம் வந்துருச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மிச்சத்தைப் பேசலாம்னு அவரே சொல்லியிருக்கார்."

"அவர் விட்டுக் குடுக்கிற மாதிரி இருக்கா?"

"ம்ஹும்."

"நீ?"

"நான் எதுக்குக் குடுக்கணும்?"

"அப்ப பரிசம் என்னம்மா ஆச்சு? ஒங்க அம்மா என்னைப் போட்டுக் கொடையுறா. நான் டிக்கெட் போடணுமா, வேணாமா?"

"போடுங்க, போடுங்க" என்றாள் அவசரமாக. "தைக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள இந்தச் சண்டைல நான் ஜெயிச்சிருவேன்."